எந்த இனம் தாங்கும்? – எங்கள் வாட்ஸ்அப் குழுவில்

செல்வம்: மாலதி, ஆய்வு முடிவு வந்துவிட்டது. பன்றிகளுக்குக் கருச்சிதைவும் மூச்சுக் கோளாறும் தரும் பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸ்தான். இரண்டு தாய்ப் பன்றிகள் குறை மாதத்தில் ஈன்றன. பாதிக் குட்டிகள் செத்தே பிறந்தன.

அத்தை: ஐயோ பாவம்.

பெரியப்பா: அப்போதே சொன்னேன், நாட்டு இனம் வாங்கு என்று. அதற்கு எந்த வைரஸும் ஒட்டாது. வீடியோவில் பார்த்தேன்.

மாலதி: அப்படியெல்லாம் இல்லை பெரியப்பா. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று இன்னொரு வைரஸ் நோய் இருக்கிறது. அது வந்தால் நாட்டுப் பன்றி, சீமைப் பன்றி என்று பார்க்காது. ஆப்பிரிக்காவின் வார்ட்ஹாக் போன்ற காட்டுப் பன்றிகள்தான் அந்த வைரஸை உடம்பில் வைத்துக்கொண்டு நோயே இல்லாமல் திரியும்.

பெரியப்பா: அப்போ அதன் மரபணுவை நம் பன்றிக்குள் வைத்துவிட வேண்டியதுதானே?

மாலதி: அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். குளோனிங்கில் டாலி ஆட்டை உருவாக்கிய ரோஸ்லின் ஆய்வகம்தான். ரெலா என்ற மரபணுவின் புரதத்தில் வார்ட்ஹாக்குக்கும் பண்ணைப் பன்றிக்கும் மூன்றே அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் துண்டு, வித்தியாசம். அதை மாற்றிய பன்றிகளுக்கு வைரஸைக் கொடுத்தார்கள். 2020இல் வந்த முடிவு: நோய் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது, அவ்வளவுதான். தப்பவில்லை.

செல்வம்: எனக்கு வந்தது அது இல்லையே. என்னுடையதற்கு வழி இருக்கிறதா?

மாலதி: உன்னுடையதில் நிலைமை பரவாயில்லை அண்ணா. இந்த வைரஸைத் தாங்க உதவும் ஓர் இடத்தை 2012இல் பன்றியின் 4ஆம் குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். அங்குள்ள ஜிபிபி5 மரபணுவில் ஒரே ஓர் டிஎன்ஏ எழுத்து மாற்றம். ஏ வகை மட்டும் இருந்தால் அந்தப் புரதம் அரைகுறையாக உருவாகிறது. பி வகை இருந்தால் முழுசாக. பி உள்ள குட்டிகளுக்கும் தொற்று வரும். ஆனால் ரத்தத்தில் வைரஸ் குறைவு, எடையும் அவ்வளவாக அடிபடாது. வேறு வகை பி.ஆர்.ஆர்.எஸ். வைரஸ் வந்தபோது எடைப் பயன் அந்த அளவுக்குத் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தை: தொற்றே வராமல் இருக்க ஒன்றும் இல்லையா?

மாலதி: இருக்கிறது அத்தை. சிடி163 என்ற புரதத்தைப் பிடித்துத்தான் இந்த வைரஸ் செல்லுக்குள் போகிறது. மரபணுத் திருத்தத்தில் அதையோ, அதில் வைரஸுக்குத் தேவையான பகுதியையோ எடுத்துவிட்டால் தொற்றே வருவதில்லை. அப்படிப்பட்ட பன்றிக்கு அமெரிக்காவில் 2025 ஏப்ரலில் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் ஆப்பிரிக்கக் காய்ச்சல் வந்தால் சிடி163 இல்லாதது ஒரு பயனும் தராது. அதையும் சோதித்துவிட்டார்கள்.

செல்வம்: நமக்கு அதெல்லாம் கைக்கு வராது. லேண்ட்ரேஸை விட்டு வேறு இனத்துக்கு மாறட்டுமா, அதை மட்டும் சொல்.

மாலதி: இனத்தை மாற்றிப் பயனில்லை. பி வகை இனத்துக்கு இனம் கூடும், குறையும். ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு பன்றிக்கு இருக்கும், பக்கத்துப் பன்றிக்கு இருக்காது. அடுத்த ஆண் பன்றி வாங்கும்போது அந்த மரபணுச் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேள். ஒவ்வொரு பன்றிக்கும் அந்த மரபணு இரண்டு பிரதி இருக்கும். ஆண் பன்றிக்கு இரண்டு பிரதியும் பியாக இருந்தால், தாய் எதுவானாலும் எல்லாக் குட்டிக்கும் ஒரு பி கிடைத்துவிடும். ஒன்றே போதும், அது ஓங்கு வகை, அதாவது கூட ஏ இருந்தாலும் வேலை செய்யும். அப்புறம், வாங்கியதும் கொட்டகைக்குள் விடாதே. தனியாக வைத்து ரத்தம் சோதித்த பிறகு சேர்.

செல்வம்: சரி. பிபி உள்ள பன்றியா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதானே?

பெரியப்பா: பிபியா? அது எனக்கே இருக்கிறது.