கார்த்திகையில் தலைப்பிரசவம்: மகள் வருவதற்குள் வீட்டில் என்னென்ன செய்து வைக்கணும்?

குடமுருட்டிக்கரை:

வலங்கைமான் பக்கம் கிராமம். மகளுக்குத் தலைப்பிரசவம், கார்த்திகை முதல் வாரம் தேதி சொல்லியிருக்காங்க. பழைய ஓட்டு வீடு. தாழ்வாரத்தை ஒட்டின அறையை அவளுக்கு ஒதுக்கியிருக்கோம். குளிக்கிற இடமும் கக்கூஸும் கொல்லையில், இருபது அடி தள்ளி. உட்கார்ந்து எழுந்திருக்கிற பழைய மாடல்தான். அடைமழை நேரம் வேற. சுகப்பிரசவமோ ஆபரேஷனோ, எதுவானாலும் அவள் சிரமப்படக் கூடாது. லேகியம் வீட்டிலேயே கிண்டலாமா, அளவு என்ன? பச்சை உடம்புக்குத் தண்ணி அதிகம் கொடுக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்றாங்க. அது சரியா?

மன்னை செவிலி:

அக்கா, லேகியத்தை அப்புறம் பார்க்கலாம். முதல்ல கட்டில், கக்கூஸ், கொல்லைப் பாதை மூணையும் சரி பண்ணுங்க. பிள்ளை பெத்தவளுக்கு முதல் பத்து நாளில் பெரிய வேதனையே உட்கார்ந்து எழுவதுதான்.

கட்டில் முழங்கால் உயரம் இருக்கணும். உட்கார்ந்தால் பாதம் தரையில் படணும். கயிற்றுக் கட்டில், நைலான் கட்டில் வேண்டாம். நடுவில் தொய்ந்துவிடும், எழும்போது வயிற்றுத் தசை முழுக்க இழுபடும். பாயில் படுத்து எழுவது அதைவிடக் கஷ்டம். எழும் முறையை இப்பவே பழக்குங்க: ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழணும். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழவே கூடாது. ஆபரேஷன் ஆகியிருந்தால் இருமும்போதும் தும்மும்போதும் தையல் மேல் ஒரு தலையணையை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க, வலி குறையும்.

பழைய மாடல் கக்கூஸில் குந்தினால் தையல் இழுக்கும். மருத்துவ உபகரணக் கடைகளில் நடுவில் ஓட்டை போட்ட கமோடு நாற்காலி கிடைக்கும், அதை அப்படியே மேலே வைத்தால் போதும். ராத்திரிக்கு அறையிலேயே பயன்படுத்த அடியில் வாளி பொருத்தினது இருந்தால் மழையில் வெளியே போக வேண்டாம். கொல்லைப் பாதையில் ஐப்பசி பிறந்ததும் பாசி பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஓரமாகப் பிடித்து நடக்க ஒரு மூங்கிலைக் கட்டுங்க. ஈரமானால் வழுக்கும் சாக்கைப் பாதையில் விரிக்காதீங்க. மின்சாரம் போகும், அதனால் சார்ஜ் விளக்கு ஒன்று அறையில், ஒன்று கொல்லையில்.

சுகப்பிரசவத்தில் கீழே தையல் போட்டிருந்தால், சிறுநீர் கழிக்கும்போது எரியும். தண்ணீர் பாட்டில் மூடியில் நாலைந்து ஓட்டை போட்டு, வெதுவெதுப்பான நீரை முன்னாலிருந்து ஊற்றிக்கொண்டே கழிக்கட்டும். சிறுநீர் நீர்த்துப் போவதால் எரிச்சல் குறையும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீரில் தினம் இரண்டு வேளை 10 நிமிடம் உட்காரலாம். நீரில் டெட்டால் ஊற்ற வேண்டாம், ஆறும் தோலை அது புண்ணாக்கும். உட்கார்ந்து எழுந்ததும் ஒற்றித் துடைக்கணும், தேய்க்கக் கூடாது.

குளிப்பாட்டும்போது கொதிக்கக் கொதிக்க இடுப்பில் அடித்து ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. முழங்கையை விட்டுப் பார்த்துச் சுடாமல் இருந்தால் அதுதான் சரியான சூடு. ஆபரேஷன் காயத்தின் மேல் ஊற்றவே கூடாது. குளித்ததும் சாம்பிராணி போடுவதாக இருந்தால் சன்னலைத் திறந்து வைங்க. கதவைச் சாத்திக் கரிச்சட்டி வைப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. கரிப்புகையில் இருக்கும் நச்சுக்காற்றுக்கு வாசமே கிடையாது.

உடுப்பு: முன்பக்கம் ஜிப் வைத்த பருத்தி நைட்டி ஆறு. ஆபரேஷன் ஆனால் புடவையும் பாவாடையும் சில வாரம் வேண்டாம், பாவாடை நாடா தையலை உறுத்தலாம். உள்ளாடை தொப்புளுக்கு மேல் ஏறுகிற அளவில் வாங்குங்க. உதிரப்போக்கு நாலு முதல் ஆறு வாரம் வரை, குறைந்துகொண்டே இருக்கும். பெரிய அளவு நாப்கின் முதல் பத்து நாளுக்கு அறுபதாவது வேண்டும். வேட்டித்துணி வைப்பதானால் மழையில் அரைகுறையாகக் காய்ந்ததைத் தராதீங்க, அதிலிருந்தும் தொற்று வரலாம். இஸ்திரி போட்ட பிறகே மடித்து வைக்கணும்.

தண்ணீரைக் குறைக்கிறது தப்பு. பால் ஊறத் தண்ணீர் வேண்டும். குறைத்தால் மலச்சிக்கல், சிறுநீரில் தொற்று, ரத்தம் உறைகிற ஆபத்து எல்லாம் வரும். காய்ச்சி ஆறிய நீர் தினம் இரண்டரை, மூன்று லிட்டர். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். பால் கொடுக்க முதுகு சாய்கிற நாற்காலி, காலுக்குக் கீழே மணை, மடியில் தலையணை வேண்டும். பிள்ளையை மார்புக்கு உயர்த்தணும், அவள் குனியக் கூடாது.

சுக்குமிளகு:

லேகியம் தாராளமாக வீட்டில் கிண்டலாம். அளவு வீட்டுக்கு வீடு மாறும், இது ஒரு பக்குவம்: சுக்கு 50 கிராம், தனியா 50, சீரகம் 25, ஓமம் 25, மிளகு 20, அரிசித்திப்பிலி 20, கண்டந்திப்பிலி 20, சித்தரத்தை 10. வெல்லம் 400 கிராம், நெய் 100 மில்லி, நல்லெண்ணெய் 50 மில்லி.

சுக்குக்குப் புறணி நஞ்சு என்பார்கள், மேல்தோலைச் சீவி எடுத்துவிடுங்கள். சரக்கை வெறும் சட்டியில் தனித்தனியாக, வாசம் வரும் வரை மட்டும் வறுக்கணும். கருகினால் லேகியம் கசக்கும். கண்டந்திப்பிலியும் சித்தரத்தையும் நார்ச் சரக்கு, மிக்ஸியில் போடுமுன் உரலில் நசுக்குங்கள். பொடித்ததை மெல்லிய துணியில் சலிக்கணும். இதில் சோம்பல்பட்டால் தொண்டையில் அறுக்கும்.

வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, இளம் கம்பிப் பதம் வரும்போது தீயைக் குறைத்துப் பொடியைத் தூவிக் கிளறுங்கள். நெய்யையும் எண்ணெயையும் மாற்றி மாற்றி விடணும். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்ததும் இறக்கிவிடணும். இன்னும் கொஞ்சம் என்று நின்றால் ஆறியதும் கல்லாகிவிடும். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டி, உலர்ந்த கரண்டி. கார்த்திகை ஈரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் பூசணம் பூக்கும், மேலாக வழித்துவிட்டுக் கொடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

முதலில் சுண்டைக்காய் அளவு, ஒத்துக்கொண்டால் சின்ன நெல்லிக்காய் அளவு, தினம் ஒரு வேளை. நெஞ்செரிச்சல் வந்தால் சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். ஆபரேஷன் என்றால் மலம் சரியாகக் கழிந்து, டாக்டர் சம்மதித்த பிறகு. சர்க்கரை இருக்கிற பெண்ணுக்கு இந்த வெல்லக் கணக்கு ஆகாது.

நாகை மீன்காரி:

பத்தியம்னு வெறும் மிளகுக் குழம்பும் சோறும் போட்டு அவள் உடம்பை ஒட்ட வைக்காதீங்க. பால்சுறா புட்டு செய்யும்போது மீனை மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, உதிர்த்துப் பிழியணும். பிழியாவிட்டால் கவுச்சி போகாது, புட்டும் குழையும். பூண்டை நல்லெண்ணெயில் நிறம் மாற வதக்கிய பிறகே மீனைச் சேர்க்கணும். சுறா கிடைக்காத நாளில் விரால், முட்டை. சைவம்னா பாசிப்பருப்பு, முருங்கைக்கீரை, பால். பருப்பை முழுசா நிறுத்துற வீடுகள் உண்டு, அதில் தாய்க்குத்தான் நஷ்டம்.

குடமுருட்டிக்கரை:

ரொம்ப உதவி. இன்னும் இரண்டு கேள்வி. வேட்டியால் வயிற்றை இறுக்கிக் கட்டணுமா? திருக்கருகாவூர் கோயில் எண்ணெய் வாங்கி வச்சிருக்கோம், அதை எப்படிப் பயன்படுத்துறது?

மன்னை செவிலி:

கட்டுவது எழுந்து நடக்கும்போது இதமாக இருக்கும், தொப்பையைக் குறைக்காது. இறுக்கினால் அழுத்தம் கீழே போய் கர்ப்பப்பை அடி இறங்க வழியாகும். இரண்டு விரல் உள்ளே நுழைகிற அளவு, பகலில் மட்டும், படுக்கும்போது அவிழ்த்துவிடுங்க. ஆபரேஷன்னா டாக்டரைக் கேட்டு பெல்ட்.

கோயில் எண்ணெய் விளக்கெண்ணெய், பிரசவத்துக்கு முன் வயிற்றில் மேலாகத் தடவத்தான். குடிக்கக் கொடுக்காதீங்க, வயிற்றுப்போக்காகி நேரம் தெரியாமல் வலியும் பிடிக்கலாம்.

கேட்காமல் விட்டதும் ஒன்று உண்டு. மூணு நாலாம் நாள் பால் கட்டி மார்பு கல்லாகும். கொடுக்குமுன் வெந்நீர்த் துணி, கொடுத்தபின் குளிர்ந்த துணி, அடிக்கடி பிள்ளையைப் பிடிக்க வைப்பது. மல்லிகைச் சரம் கட்டுவது பாலை வற்றவைக்கிற வைத்தியம், இப்போ வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பின் 180 நாள் உண்டு. அதைக் காபியோடும் கால்சியத்தோடும் சேர்த்துத் தராதீங்க, உடம்பில் ஒட்டாது.

இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்க: ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, எலுமிச்சம்பழ அளவு ரத்தக்கட்டி, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, விடாத தலைவலியோடு கண் மங்கல், வலிப்பு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல். இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108. அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் தாண்டினால் "கண்ணேறு" என்று விடாதீங்க, அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசினால் தமிழிலேயே கேட்பாங்க. பிள்ளையையோ தன்னையோ ஏதாவது செய்துகொள்ளத் தோணுதுன்னு சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வெள்ளம் வந்தால் ஆம்புலன்ஸ் உங்கள் தெருவரை வருமா, எந்தப் பாலம் முழுகும்னு இப்பவே பார்த்து வைங்க. சந்தேகம்னா தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே டவுனில் சொந்தக்காரர் வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடுங்க.