எண்டோரேயிக் பேசின்: ‘அகவடிநிலம்’ என்று வைத்துக்கொள்வோமா?

வணக்கம் நண்பர்களே,

நடு ஆசிய நாடுகளின் நிலவமைப்பு, இயற்கை வளம் பற்றிய கட்டுரைக்காக, ‘எண்டோரேயிக் பேசின்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்று எழுந்த கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உள்நாட்டு வடிகால், மூடிய வடிநிலம், கடல்சேரா வடிநிலம். நான்காவதாக நான் ‘அகவடிநிலம்’ என்பதை முன்வைக்கிறேன். சொல்லை மட்டும் வைத்துப் பேசினால் நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளின் நிலப்படத்தில் பொருத்திப் பார்த்தால் எது நிற்கும், எது நிற்காது என்பது தெரிந்துவிடும்.

முதலில் பொருள். ஓர் ஆற்றுக்கோ ஏரிக்கோ நீர் வடிந்து வரும் பரப்புதான் வடிநிலம், ஆங்கிலத்தில் பேசின். மழையும் பனியுருகலும் தரும் நீர் ஆறாக ஓடி, உலகப் பெருங்கடலைத் தொடாமல், ஓர் ஏரியிலோ சதுப்பிலோ மணலிலோ முடிந்துபோகும் பரப்பைத்தான் எண்டோரேயிக் பேசின் என்கிறார்கள். அங்கிருந்து நீர் வெளியேறும் முக்கிய வழி ஆவியாதல். கொஞ்சம் நிலத்துக்குள் இறங்கும். நீர் ஆவியாகிப் போனாலும் ஆறு கரைத்துக்கொண்டு வந்த உப்பு அங்கேயே தங்கும். நாம் வைக்கும் சொல் இந்த உள்நோக்கிய வடிதலைக் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. அந்த நாடுகளின் நீர்வளமும் அதைச் சுற்றிய சிக்கல்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

‘உள்நாட்டு வடிகால்’ எளிதாகப் புரிகிற சொல். ஆனால் உள்நாட்டு விமானம், உள்நாட்டு உற்பத்தி என்று பழகிய வாசகர், ஒரு நாட்டின் எல்லைக்குள் முடிகிற வடிகால் என்றே எடுத்துக்கொள்வார். அமு தாரியாவைப் பாருங்கள். பஞ்ச், வக்ஷ் என்ற இரண்டு ஆறுகள் கூடி அமு தாரியா ஆகிறது. பஞ்ச் தஜிகிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் எல்லையாக ஓடுகிறது. வக்ஷின் தலைப்பு கிர்கிஸ்தானில் இருக்கிறது. கூடிய பிறகு ஆறு துர்க்மெனிஸ்தானையும் உஸ்பெகிஸ்தானையும் நனைக்கிறது. சிர் தாரியாவும் இப்படித்தான்: நரினும் கரா தாரியாவும் பெர்கானா பள்ளத்தாக்கில் சேர்ந்து, மூன்று நாடுகளைக் கடந்து கஜகஸ்தானில் முடிகிறது. ஐந்து நாடுகளும் 1992இல் அல்மாட்டியில் நீர்ப்பகிர்வு உடன்படிக்கை செய்துகொண்டன. அதில் ஆப்கானிஸ்தான் இல்லை. 2022இல் அந்த நாடு அமு தாரியாவிலிருந்து கோஷ் தெபா கால்வாயை வெட்டத் தொடங்கியதும் கீழே இருப்பவர்களுக்குக் கவலை வந்துவிட்டது. இத்தனை நாடுகள் பங்கு கேட்கும் நீரை ‘உள்நாட்டு’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘மூடிய வடிநிலம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூடிய வடிகால் என்றால் மேலே பலகைக்கல் போட்ட சாக்கடை என்றுதான் நாம் எல்லோரும் புரிந்துகொள்கிறோம். போதாததற்கு நீர் மேலாண்மைத் துறையில், இருக்கும் நீர் முழுவதும் பங்கிடப்பட்டு இனி எடுக்க மிச்சமில்லாத ஆற்று வடிநிலத்தையும் ‘மூடியது’ என்கிற வழக்கு இருக்கிறது. இரண்டும் மோதும்.

‘கடல்சேரா வடிநிலம்’ அழகான ஆக்கம். வற்றா, வாடா போலவே சேரா. எதிர்ச்சொல் வேண்டுமென்றால் ‘கடல்சேர்’ என்று தானாகவே கிடைக்கிறது. இதை முன்மொழிந்த நண்பரின் காதுக்கு வணக்கம். ஆனாலும் இந்த வட்டாரத்திலேயே அது சிக்கிக்கொள்கிறது. காஸ்பியனுக்கு வரும் ஆற்று நீரில் ஏறக்குறைய 80 சதவீதம் வோல்காவினுடையது. ‘கடல்சேரா ஆறான வோல்கா காஸ்பியன் கடலில் சேர்கிறது’ என்று எழுதினால் படிக்கும் மாணவர் என்ன செய்வார்? ஆரல் கடலுக்கும் இதே கதி. இவை உண்மையில் ஏரிகள், பெயரில் மட்டும் கடல் என்று ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்புப் போட முடியாது.

சரி, அகவடிநிலம். அகம் என்றால் உள். அகச்சிவப்பு, புறஊதா என்று அறிவியலில் அகமும் புறமும் ஏற்கெனவே இணையாகப் பழகியவை. ஆகவே பெருங்கடலுக்கு வடிவது ‘புறவடிநிலம்’. இந்த எதிர்ச்சொல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் நடு ஆசியா முழுக்கவும் அகவடிநிலம் என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட முடியாது. அல்தாய் மலையிலிருந்து வரும் இர்திஷ் ஆறு கஜகஸ்தானின் வடகிழக்கைக் கடந்து, ஓப் ஆற்றோடு கலந்து ஆர்க்டிக் பெருங்கடலுக்குப் போகிறது. தலைநகர் அஸ்தானா வழியாக ஓடும் இஷிம் ஆறு இர்திஷில்தான் சேர்கிறது. அஸ்தானா புறவடிநிலத்தில் இருக்கிறது, அல்மாட்டி அகவடிநிலத்தில் இருக்கிறது. ஒரே நாட்டின் இரண்டு பெரிய நகரங்களை இப்படி ஒரே வரியில் பிரித்துச் சொல்ல முடிகிறதே, அதற்காகத்தான் இந்த இணையை நான் விரும்புகிறேன்.

ஓர் எச்சரிக்கை: நிலம் என்பதை வெட்டிவிட்டு அகவடி, புறவடி என்று சுருக்கக் கூடாது. புறவடி என்றால் பாதத்தின் மேற்பக்கம் என்று தமிழில் பழைய பொருள் இருக்கிறது. நீளமாக இருந்தாலும் ‘அகவடிநில ஏரி’, ‘அகவடிநில ஆறு’ என்றே எழுதுவோம்.

இந்தச் சொல் பல வகை ஏரிகளையும் ஆறுகளையும் தாங்குகிறதா என்று பார்த்தேன். கிர்கிஸ்தானின் இசிக் குல் 1,607 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆழம் 668 மீட்டர். ஆறுகள் வந்து சேர்கின்றன, ஒன்றும் வெளியே போவதில்லை. நீரில் லேசான உப்பு. பல்காஷ் இன்னும் விசித்திரம்: இலி ஆறு விழும் மேற்குப் பாதி நன்னீர், கிழக்குப் பாதி உப்பு. துர்க்மெனிஸ்தானின் முர்காப் ஆறு ஏரி எதையும் எட்டாமல் கரகும் மணலில் தீர்ந்துபோகிறது. ஏரியே இல்லாத இந்த இடத்திலும் அகவடிநிலம் என்பது பொருந்துகிறது. கரகும், கிசில்கும் பாலைகளின் நடுப்பகுதியில் ஆறு என்று சொல்ல எதுவும் உருவாவதில்லை. ஆங்கிலத்தில் அரேயிக் எனப்படும் அதற்கு ‘வடியா நிலம்’ போதும்.

கரா போகாஸ் கோல் தனியாகச் சொல்ல வேண்டிய இடம். காஸ்பியனின் நீர்மட்டமே கடல் மட்டத்துக்குக் கீழே 29 மீட்டர் அளவில் இருக்கிறது. அதன் கிழக்கு ஓரத்தில், துர்க்மெனிஸ்தானில் உள்ள இந்தக் குடா அதைவிடவும் தாழ்வு. காஸ்பியனிலிருந்து நீர் ஒரு குறுகிய வாய் வழியாக இதற்குள் பாய்ந்து ஆவியாகிறது, சோடியம் சல்ஃபேட் உப்பு படிகிறது. அகவடிநிலத்துக்குள்ளேயே இன்னோர் அகவடிநிலம். காஸ்பியன் வற்றுகிறது என்று பயந்து 1980இல் இந்த வாயை அணை போட்டு அடைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே குடா வறண்டு உப்பு காற்றில் பறந்தது. 1992இல் அணையை அகற்ற வேண்டியதாயிற்று.

அப்புறம், ஆறு போய் முடிகிற ஏரிக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. ‘முடிவேரி’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். நம்மிடம் பாசன நீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்துக்குக் ‘கடைமடை’ என்ற சொல் இருக்கும்போது அதை விடலாமா? ‘கடைமடை ஏரி’ என்பேன். அந்த நாடுகளின் நீரியலாளர்கள் ஒரு வடிநிலத்தை ஓட்டம் உருவாகும் மண்டலம், ஓட்டம் சிதறும் மண்டலம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். பாமீர், தியான் ஷான் மலைப்பனி முதலாவது. கீழேயுள்ள வறண்ட சமவெளி இரண்டாவது. சமவெளியில் நீர் கூடுவதே இல்லை, செலவு மட்டும்தான். தலைமடையில் எடுக்கும் ஒவ்வொரு குடமும் கடைமடையில் குறையும்.

ஆரல் அப்படிக் குறைந்த ஏரி. 1960இல் அதன் பரப்பு ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீட்டர், உலகின் நான்காவது பெரிய ஏரி. பருத்திக்காக சோவியத் அரசு அதற்கு நீர் தரும் அமு தாரியா, சிர் தாரியா ஆகிய இரண்டு ஆறுகளையும் கால்வாய்களில் திருப்பியது. 1954இல் தொடங்கிய கரகும் கால்வாய் மட்டும் அமு தாரியாவின் நீரை 1,300 கிலோமீட்டருக்கு மேல் இழுத்துச் செல்கிறது. கசிவும் ஆவியும் வேறு. 1987இல் ஏரி வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிளந்தது. லிட்டருக்குப் 10 கிராம் அளவில் இருந்த உப்பு தெற்கே 100 கிராமையும் தாண்டியது, மீன் அழிந்தது. உஸ்பெகிஸ்தானின் மொய்னாக் துறைமுகத்தில் கப்பல்கள் மணலில் நின்றன. 2014இல் தென்பகுதியின் கிழக்குப் படுகை முழுதாக வறண்டது. கஜகஸ்தான் பக்கம் 2005இல் கோக் ஆரல் அணை கட்டி சிர் தாரியா நீரை வடக்கு ஆரலிலேயே நிறுத்தியதால் அங்கே மட்டம் ஏறி மீன்பிடிப்பு திரும்பியிருக்கிறது. அந்த அணையால் தெற்குக்கு வரும் நீர் குறைகிறது என்பதும் உண்மை. கடைமடைக்குள்ளும் ஒரு கடைமடை உண்டு.

தலைமடைக்காரர்களையும் குறை சொல்லிவிட முடியாது. கிர்கிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் எண்ணெயும் எரிவாயுவும் மிகக் குறைவு. டோக்டோகுல், 300 மீட்டர் உயரமுள்ள நூரெக் போன்ற அணைகளின் மின்சாரம்தான் அவர்களுக்குக் குளிர்காலத்தைக் கடத்துகிறது. கீழே உள்ளவர்களுக்கோ நீர் கோடையில் வேண்டும். சோவியத் காலத்தில் கீழிருந்து நிலக்கரியும் எரிவாயுவும் மேலே போயின, கோடையில் மேலிருந்து நீர் வந்தது. தனி நாடுகளான பிறகு அந்தக் கொடுக்கல் வாங்கல் குலைந்தது.

எரிவாயு என்றதும் இன்னொன்று. ஆங்கிலத்தில் ஆற்றின் பேசினும் நிலவியலின் பேசினும் ஒரே சொல். துர்க்மெனிஸ்தானின் கல்கினிஷ் எரிவாயு வயல் ‘அமு தாரியா பேசினில்’ இருக்கிறது என்று படித்தால், அது ஆறு நனைக்கும் பரப்பைக் குறிப்பதில்லை. மிகப் பழங்காலத்தில் வண்டல் அடுக்கடுக்காகப் படிந்த ஆழ்பள்ளத்தைக் குறிக்கிறது. உலக யுரேனிய உற்பத்தியில் ஏறக்குறைய 40 சதவீதம் தரும் கஜகஸ்தானின் சூ-சரிசு, சிர் தாரியா பேசின்களும் இந்தப் பொருளில்தான். தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன: ஆற்றுக்கு வடிநிலம், நிலவியலுக்குப் படிவுப் படுகை. கட்டுரையில் இவற்றை மாற்றி மாற்றிப் போட்டால் எரிவாயு வரைபடமும் ஆற்று வரைபடமும் குழம்பிப்போகும்.

எனக்கு இன்னும் தெளியாத ஒன்று சரிகாமிஷ். துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான் எல்லையில் உள்ள இந்த ஏரியை அமு தாரியா நேராக வந்து நிரப்புவது கிடையாது. வயல்களில் பாய்ந்து உப்பேறி வடியும் கழிவுநீர் வாய்க்கால்கள்தான் நிரப்புகின்றன. இதையும் கடைமடை ஏரி என்பதா, ‘வடிகால் ஏரி’ என்று பிரிப்பதா? பாசனத் துறையில் வேலை பார்த்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். நீங்கள் சொன்னால் அதன்படி கட்டுரையில் திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்