வகுப்பு நேரங்கள் காலண்டரில் ஒரு மணி, ஐந்தரை மணி, அரை மணி எனத் தவறிக் காட்டுகின்றன: காரணம் என்ன?

கேள்வி (மயிலாப்பூர்)

வணக்கம். என் அக்கா இணையவழியில் வீணை கற்பிக்கிறார். நியூ ஜெர்சி, லண்டன், மெல்போர்ன், கொழும்பு ஆகிய ஊர்களில் அவருக்கு மாணவர்கள் இருக்கிறார்கள். வகுப்பு அட்டவணையைக் கூகுள் காலண்டரில் நான் பராமரித்து வருகிறேன். மாணவர்களும் அதையே தங்கள் கைப்பேசியில் பார்க்கிறார்கள்.

இந்திய நேரப்படி சனிக்கிழமை காலை 6.30 மணிக்கு நடக்கும் வகுப்பு, நியூ ஜெர்சியில் வெள்ளிக்கிழமை இரவு 8 மணியாக இருந்துவந்தது. மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து அங்குள்ளவர்களுக்கு அது இரவு 9 மணி என்று காட்டுகிறது. நாங்கள் எதையும் மாற்றவில்லை. லண்டன் மாணவர்களுக்கு நேரம் முன்பிருந்தபடியே இருக்கிறது. இது தவிர, புதிய மாணவர்கள் பதிவு செய்யும் ஒரு சிறிய முன்பதிவுத் தளத்திலிருந்து ஐசிஎஸ் கோப்பை (காலண்டர் பதிவுகளைக் கொண்ட கோப்பு) பதிவிறக்கிக் காலண்டரில் ஏற்றியபோது, காலை 6.30 மணி வகுப்புகள் நண்பகல் 12 மணிக்கும் மாலை 6.30 மணி வகுப்புகள் நள்ளிரவு 12 மணிக்கும் போய் அமர்ந்துவிட்டன. கொழும்பு மாணவி ஒருவருக்கு மட்டும் எல்லா வகுப்புகளும் அரை மணி நேரம் தள்ளித் தெரிகின்றன.

ஒவ்வொரு வகுப்பையும் கையால் திருத்திவிடலாமா? இரவில் கண்விழித்துப் படிக்கும் சிறு பிள்ளைகள், ஆசிரியர் வராத திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலை வந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

பதில் (கோயம்புத்தூர்)

தயவுசெய்து கையால் எதையும் திருத்தாதீர்கள். காரணம் அறியாமல் நேரத்தை மட்டும் நகர்த்தினால், அடுத்த நேர மாற்றத்தின்போது அதே வகுப்பு எதிர்த்திசையில் தவறும். எவ்வளவு நேரம் தவறுகிறது என்பதை முதலில் பாருங்கள்; காரணம் பெரும்பாலும் அந்த அளவிலேயே தெரிந்துவிடும். ஐந்தரை மணி நேரம் என்றால் இந்திய நேரமும் யுடிசியும் (உலகப் பொது நேரம்; இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது) ஒன்றுக்கொன்று மாறியிருக்கின்றன. ஒரு மணி நேரம் என்றால், அநேகமாக, ஏதோ ஒரு நாட்டின் கோடைக்கால நேரம், அதாவது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் வழக்கம். பன்னிரண்டு மணி நேரம் என்றால் முற்பகலும் பிற்பகலும் இடம் மாறியிருக்கும். உங்களிடம் இருப்பவை தனித்தனியான மூன்று சிக்கல்கள்.

ஐசிஎஸ் கோப்பிலிருந்து தொடங்குவோம். அதை நோட்பேடில் திறந்து, டிடிஸ்டார்ட் (வகுப்பு தொடங்கும் நேரம்) என்று தொடங்கும் வரிகளின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இத்தகைய கோப்புகளுக்காக 2009இல் வெளியான ஆர்எஃப்சி 5545 என்னும் வரையறைப்படி, நேரத்தின் இறுதியில் இசட் என்ற எழுத்து இருந்தால் அது யுடிசி நேரம். டிஇசட்ஐடி என்ற குறிப்போடு ஒரு நேர மண்டலத்தின் பெயர் இருந்தால் அந்த ஊரின் நேரம். இரண்டும் இல்லையென்றால், பார்ப்பவர் எங்கிருக்கிறாரோ அங்குள்ள கடிகாரத்தின் நேரம். முன்பதிவுத் தளம் இந்திய நேரமான 6.30ஐ எழுதிவிட்டு இசட்டையும் சேர்த்திருந்தால், காலண்டர் அதை யுடிசி என்று நம்பி ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டும். நீங்கள் சொல்லும் 12 மணி அப்படித்தான் வருகிறது.

தளத்தின் அமைப்புகளில் நேர மண்டலத்தை ஏஷியா/கொல்கத்தா என்று மாற்றிக் கோப்பை மீண்டும் எடுப்பதே நல்ல வழி. (ஏஷியா/கல்கத்தா என்ற பழைய பெயர் மட்டும் இருந்தாலும் அதுவும் இதே மண்டலந்தான்.) அது இயலாதபோது, டிடிஸ்டார்ட், டிடிஎண்ட் (முடியும் நேரம்) வரிகளில் மட்டும் இசட்டை நீக்கி, டிஇசட்ஐடி குறிப்போடு மண்டலத்தின் பெயரைச் சேருங்கள். டிடிஸ்டாம்ப் (பதிவு உருவான நேரம்) வரியைத் தொடாதீர்கள்; அது விதிப்படி யுடிசியில்தான் இருக்க வேண்டும். புதிய கோப்பை முதன்மைக் காலண்டரில் ஏற்றாமல், தனியாக ஒரு காலண்டர் உருவாக்கி அதில் ஏற்றிப் பாருங்கள். தவறினால் அந்தக் காலண்டரை அழித்துவிட்டால் போதும்; இல்லையேல் நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க நேரிடும்.

பதில் (லண்டன்)

என் மகளும் சென்னையிலுள்ள ஆசிரியரிடம் இணையவழியில் பாட்டு கற்பதால், இந்த ஒரு மணி நேரச் சிக்கலை ஆண்டுதோறும் பார்க்கிறேன். உங்கள் காலண்டர் பிழை எதுவும் செய்யவில்லை. வகுப்பு இந்திய நேரத்தில் உருவாக்கப்பட்டிருப்பதால் இந்தியாவில் 6.30 என்பது அசையாமல் நிற்கிறது. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால், அங்கே அது 9 மணியாகிறது. பிரிட்டனில் இந்த மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் வரும். ஆகவே எங்கள் ஊர் மாணவர்களுக்கும் இன்னும் சில நாட்களில் இதே மாற்றம் தெரியும், இப்போதே சொல்லிவிடுங்கள். இலையுதிர் காலத்தில் வரிசை மாறும்: நாங்கள் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் அமெரிக்கர்கள் நவம்பர் முதல் ஞாயிறன்றும் பழைய நேரத்துக்குத் திரும்புகிறோம்.

அப்படியானால் நீங்கள் தீர்மானிக்க வேண்டியது, எந்த ஊர்க் கடிகாரத்துக்கு வகுப்பு கட்டுப்பட வேண்டும் என்பதையே. நியூ ஜெர்சிப் பிள்ளைகளுக்கு இரவு 8 மணி மாறக் கூடாது என்றால், வகுப்பின் திருத்தப் பக்கத்தில் நேரத்துக்கு அருகிலுள்ள நேர மண்டலத்தைத் தேர்ந்து நியூயார்க் நேரத்தில் இரவு 8 என்று அமையுங்கள். அப்போது கோடையில் உங்கள் அக்கா காலை 5.30 மணிக்கு உட்கார வேண்டியிருக்கும். இது மென்பொருள் முடிவு செய்யக்கூடியதன்று. ஆசிரியரும் பெற்றோரும் பேசி முடிவு செய்ய வேண்டியது. பள்ளி முடிந்து களைத்து வரும் பிள்ளைகளுக்கு இரவு 9 மணி மிகவும் தாமதம் என்பது என் கருத்து.

பதில் (யாழ்ப்பாணம்)

அரை மணி நேர வித்தியாசத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இலங்கை 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் குறைத்து, யுடிசியை விட ஆறு மணி நேரம் முந்திய நிலையில் வைத்திருந்தது. 2006 ஏப்ரலில்தான் இந்தியாவைப் போல ஐந்தரை மணி நேரத்துக்குத் திரும்பியது. ஆகவே, புதுப்பிக்கப்படாத மிகப் பழைய கணினியோ, ஆறு மணி நேர மண்டலம் ஒன்றைக் கையால் தேர்ந்து வைத்த கருவியோ உங்கள் வகுப்பை அரை மணி நேரம் பிந்திக் காட்டும். அந்த மாணவியின் கருவியில் கொழும்பு அல்லது ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற மண்டலம் தெரிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டவர் (மயிலாப்பூர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோப்பில் நீங்கள் சொன்ன இடத்தில் இசட் இருந்தது. தளத்தின் மண்டலத்தை மாற்றி, தனிக் காலண்டரில் ஏற்றியதும் நேரங்கள் சரியாகிவிட்டன. கொழும்பு மாணவியின் மடிக்கணினியில் டாக்கா நேரம் தெரிவாகியிருந்தது. நியூ ஜெர்சி வகுப்பை நியூயார்க் நேரத்துக்கு மாற்ற அக்கா சம்மதித்திருக்கிறார். மெல்போர்ன் வகுப்பு ஞாயிறு காலை 10.30 மணிக்கு, அதாவது அங்கே மாலை 4 மணிக்கு நடக்கிறது. அதற்கும் ஏதேனும் செய்ய வேண்டுமா?

பதில் (கோயம்புத்தூர்)

ஆம். அங்கே இப்போது கோடைக்கால நேரம் முடியும் பருவம். ஏப்ரல் முதல் ஞாயிறு அதிகாலையில் கடிகாரம் பின்னே செல்கிறது. இந்திய நேரத்திலேயே விட்டுவைத்தால், அதே ஞாயிறு வகுப்பு அவர்களுக்கு மாலை 3 மணிக்கு வந்துவிடும். முந்தைய வாரமே பெற்றோரிடம் கேட்டு, 4 மணிதான் வேண்டுமென்றால் ஆஸ்திரேலியா/மெல்போர்ன் மண்டலத்துக்கு மாற்றிவிடுங்கள். அக்காவுக்கு அது காலை 11.30 மணியாகும்.