கோபோல்டு நாயா, பல்லியா? 1977-லேயே முட்டை இருக்கிறது!

நிலவறைக்காவலன்:
பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டு பதிப்புக்குப் பதிப்பு எப்படி மாறியது என்று நேற்று பழையபகடை நீளமாக எழுதியிருந்தார். பாதி சரி. நடுவில், கோபோல்டு என்ற குட்டி அரக்க இனத்தைப் பற்றிய ஒரு வரி மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. "அதுவரை நாயாக இருந்த கோபோல்டை, 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பின் ஓவியர்கள் பல்லியாக்கினார்கள். விதிகள் படத்துக்குப் பின்னால் ஓடின" என்கிறார்.

1977-ல் வந்த அரக்கர் தொகுப்பான மான்ஸ்டர் மேனுவலைத் திறந்து பாருங்கள். கோபோல்டுகளின் வளையில் யார் யார் இருப்பார்கள் என்று ஒரு கணக்கு கொடுத்திருக்கும். காவலாளிகள், பெண்கள், குட்டிகள், கடைசியில் 30 முதல் 300 முட்டைகள். எந்த நாய் முட்டை போடும்?

பழையபகடை:
வந்துவிட்டார். முழுக் கட்டுரையில் இவருக்குக் கிடைத்தது இந்த ஒரு வரிதான்.

1981-ல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் என்ற தொடக்க விதிப் புத்தகத்தில் கோபோல்டு என்றால் நாய் போன்ற குள்ள மனிதர்கள் என்றே இருக்கிறது. 'நாய்' என்ற சொல்லே இருக்கிறது. 1993 மான்ஸ்ட்ரஸ் மேனுவலில், அவை பேசினால் குட்டி நாய் குரைப்பது போல இருக்குமாம், பக்கத்தில் போனால் ஈர நாய் வாடை வருமாம். இதெல்லாம் பல்லிக்குப் பொருந்துமா? நான் விளையாட ஆரம்பித்த நாளிலிருந்து மேசையில் கோபோல்டு வந்தால் நாங்கள் குரைத்துத்தான் காட்டியிருக்கிறோம்.

நிலவறைக்காவலன்:
மோல்ட்வே புத்தகத்தில் அடுத்த வாக்கியத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? துருப்பிடித்த பழுப்பு நிறம், செதில் தோல், முடியே கிடையாது என்று வருகிறது. முடியில்லாத, செதில் உள்ள, முட்டை போடும் நாய். உங்கள் வீட்டில் வளர்க்கிறீர்களா?

மைக்கோடு:
ஓவியத்தைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று வந்தேன். 1977 படத்தில் இரண்டுமே இருக்கிறது. உடம்பில் செதில், தலையில் சின்னக் கொம்பு, முகம் மட்டும் நாய் ஜாடை. கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம்தானே, வண்ணம் இல்லாததால் பார்க்கிறவர் மீதியை மனதில் நிரப்பிக்கொண்டார்.

அந்தக் காலத்துப் படங்களின் சுகமே வேறு. ஆட்டக்காரர்களுக்கான 1978 விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், டேவிட் டிராம்பியர் வரைந்தது. சண்டை முடிந்துவிட்டது. பெரிய சிலை ஒன்றின் மேல் ஏறி இரண்டு திருடர்கள் அதன் கண்ணில் இருக்கும் ரத்தினத்தை நெம்புகிறார்கள். கீழே ஒருவன் வாளைத் துடைக்கிறான், சிலர் அடுத்து எந்தப் பக்கம் போவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாயகன் என்று ஒருவனும் இல்லை. அந்தப் பதிப்பின் ஆட்டமே அந்த ஒரு படத்தில் இருக்கிறது: புதையலை எடு, உயிரோடு வெளியே வா. 1983-ல் லாரி எல்மோர் அட்டைப்படம் வரைந்த சிவப்புப் பெட்டிப் பதிப்பு வந்தபோது டிராகனுக்கு எதிரே தனியாக நிற்கும் வீரன் வந்துவிட்டான். 2000-ல் அட்டையில் காட்சியே கிடையாது, மணிகள் பதித்த பழைய மந்திர நூல் மாதிரி செய்துவிட்டார்கள்.

நிலவறைக்காவலன்:
டிராம்பியர் அட்டையில் கீழே செத்துக் கிடப்பவை பல்லி மனிதர்கள். பல்லி வரையத் தெரிந்தவர்கள்தான் அன்றும் இருந்தார்கள்.

பழையபகடை:
அதேதான் நானும் கேட்கிறேன்! பல்லி வரையத் தெரிந்தும் கோபோல்டுக்கு ஏன் நாய் முகம் போட்டார்கள்? நீங்களே எனக்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். நன்றி.

நிலவறைக்காவலன்:
முகத்தை விடுங்கள். 30 முதல் 300 முட்டைகள். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

இருபதுமுகம்:
முட்டை போட்டால் பல்லி என்று எந்த விதி சொல்கிறது? பிளாட்டிபஸ் முட்டை போடும், குட்டிக்குப் பாலும் கொடுக்கும். கோழியும் முட்டை போடும். அப்படியானால் கோபோல்டு கோழியா?

நான் ஐந்தாம் பதிப்பில் வந்தவன். எனக்குக் கோபோல்டு என்றால் கூட்டத்தாக்குதல்தான். அது தாக்கும் ஆளின் பக்கத்தில் அதன் கூட்டாளி ஒருவன் நின்றால் போதும், இரண்டு இருபதுமுகப் பகடை உருட்டி பெரியதை எடுத்துக்கொள்ளலாம். தனியாக வந்தால் ஒரே அடியில் சாகும், எட்டாக வந்தால் நம்மைக் கொல்லும். இந்த விதியைப் பார்த்தால் ஓநாய்க் கூட்டம்தான் ஞாபகம் வருகிறது. ஓநாய்க்கும் இதே விதிதான் கொடுத்திருக்கிறார்கள்.

பழையபகடை:
பாருங்கள், புதிய தலைமுறைக்கே தெரிகிறது.

நிலவறைக்காவலன்:
தம்பி, அதே ஐந்தாம் பதிப்பில் கோபோல்டு டிராகனைக் கும்பிடும் ஊர்வன என்று எழுதியிருக்கிறது. பாதிப் பக்கம் படித்துவிட்டு வராதீர்கள்.

விதி படத்துக்குப் பின்னால் ஓடியது என்பதற்கும் வருகிறேன். செதில் 1977-லேயே இருந்தது, அதற்குத் தனியாக எண் இல்லை. பழைய முறையில் கோபோல்டின் ஆர்மர் கிளாஸ், அதாவது அதை அடிப்பது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண், 7, அவ்வளவுதான். 2003-ல் வந்த 3.5 பதிப்பில் மொத்தம் 15. அது எப்படி வந்தது என்று அடைப்புக்குறிக்குள் பிரித்துக் காட்டியிருப்பார்கள்: அடிப்படை 10, சின்ன உருவத்துக்கு 1, சுறுசுறுப்புக்கு 1, தோல் கவசத்துக்கு 2, இயற்கைத் தோலுக்கு 1. அந்தக் கடைசி 1-தான் செதில். முன்பே இருந்ததைத்தான் கணக்கில் சேர்த்தார்கள். ஓவியர் சொல்லி விதி மாறவில்லை. முட்டை இருந்தது, செதில் இருந்தது, எண் பிறகு வந்தது.

பழையபகடை:
7 எங்கே, 15 எங்கே? அன்று குறைந்தால் நல்லது, இன்று கூடினால் நல்லது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் படிப்பவர்களைக் குழப்பாதீர்கள். தாக்கோ என்றால் ஆர்மர் கிளாஸ் 0-ஐ அடிக்க உருட்ட வேண்டிய எண்; அது 20 இருப்பவன் ஆர்மர் கிளாஸ் 7-ஐ அடிக்க 13 உருட்ட வேண்டும். கழித்தல் தெரிந்தவனுக்கு அது போதும். அதைக் கடினம் என்று தூக்கிப் போட்டதே மூன்றாம் பதிப்பின் முதல் தப்பு. 1989-ல் தாக்கோ வந்த பிறகுதான் சண்டை வேகமாக நகர்ந்தது.

நிலவறைக்காவலன்:
தாக்கோ 1989-ல் வந்ததா? ஆட்டத்தை நடத்துபவருக்கான 1979 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின் பின்னிணைப்பில் அரக்கர் பட்டியல் இருக்கிறது. அதில் ஆர்மர் கிளாஸ் 0-ஐ அடிக்க என்ன வேண்டும் என்று ஒரு நெடுவரிசையே இருக்கிறது. 1989-ல், இரண்டாம் பதிப்பில், அதை முதன்மை விதியாக்கினார்கள். வந்தது வேறு, முதன்மை ஆனது வேறு. இரண்டாம் பதிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவருக்கு இது தெரிய வேண்டாமா?

பழையபகடை:
எனக்குத் தெரியும். மேசையில் யாரும் அந்தப் பின்னிணைப்பை வைத்து ஆடவில்லை. அட்டவணையில் விரல் வைத்துத் தேடித்தான் ஆடினோம். நீங்கள் ஆடினீர்களா, இல்லை, புத்தகம் மட்டும் சேர்த்தீர்களா?

நிலவறைக்காவலன்:
போன வருஷம் நான்காம் பதிப்புத் திரியிலும் இதையேதான் கேட்டீர்கள். ஆதாரம் தீர்ந்தால் ஆளைப் பிடிப்பது உங்கள் வழக்கம். அந்த 2008 பதிப்பைப் புத்தகத்தைத் தொடாமலேயே கணினி விளையாட்டு என்று திட்டினீர்கள். நான் அதை வாரா வாரம் நடத்தினேன். அதில் கோபோல்டு ஒவ்வொன்றும் தன் முறையில் சின்னச் செயலாக ஒரு கட்டம் நழுவலாம். வீரன் எதிரே நிற்பதைக் குறிவைக்கும்போதே அது பக்கவாட்டில் வந்திருக்கும், பின்னால் இன்னொன்று. கோபோல்டுக்கு ஒருவழியாகச் சொந்தமாக ஒரு தந்திரம் கிடைத்தது அந்தப் பதிப்பில்தான்.

மைக்கோடு:
ஓவியத்துக்குத் திரும்பலாமா? ஓவியர் டாட் லாக்வுட் 2000 பதிப்புக்காக டிராகன்களின் எலும்பு, தசை, சிறகு எப்படிப் பொருந்தும் என்று யோசித்து வரைந்தார். பக்கத்தில் நாய்முகக் கோபோல்டு நின்றால் ஒட்டவே ஒட்டாது. மாற்றம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

பழையபகடை:
அதாவது 2000-ல் மாற்றினார்கள். நான் எழுதியதும் அதுதான்.

நிலவறைக்காவலன்:
முகத்தை மாற்றினார்கள். இனத்தை மாற்றவில்லை. முட்டை!

பழையபகடை:
1974 மூலப் பெட்டியில் முட்டையும் இல்லை, செதிலும் இல்லை, நாயும் இல்லை. கோப்ளின் என்ற இன்னொரு குட்டி அரக்கன் மாதிரியே நடத்துங்கள், 1 முதல் 3 அடி தாங்கும் என்று மட்டும் இருக்கிறது. ஆரம்பம் என்றால் அங்கிருந்து பேசுங்கள். 1977-ஐ வேதம் மாதிரி தூக்கிக்கொண்டு திரிகிறீர்கள்.

இருபதுமுகம்:
அதற்கும் முன்னால் போனால் ஜெர்மானியக் கதைகளில் அது சுரங்கத்தில் குறும்பு செய்யும் ஆவி. கோபால்ட் உலோகத்துக்குப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். நாயும் இல்லை, பல்லியும் இல்லை. அப்புறம், 2025 மான்ஸ்டர் மேனுவலில் கோபோல்டின் வகை டிராகன் என்றே போட்டிருக்கிறார்கள். இரண்டு பேருமே பழைய புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பழையபகடை:
டிராகனா! என் கட்டுரையின் கடைசிப் பத்தியை மறுபடி படியுங்கள். ஒவ்வொரு பதிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக நாயைத் துடைத்து எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறேன்.

நிலவறைக்காவலன்:
டிராகனும் முட்டைதான் போடும். 1977-லிருந்து 2025 வரை ஒரே கோடு. அந்த வரியைத் திருத்துகிறீர்களா, இல்லையா?

பழையபகடை:
திருத்த மாட்டேன். அடுத்த பகுதி, ஆட்டக்காரர்கள் எடுத்து ஆடும் குள்ள இனமான க்னோமைப் பற்றி. 2008-ல் அதை முதல் புத்தகத்திலிருந்து வெளியே தள்ளினார்களே, அதைத்தான் எழுதப்போகிறேன்.

நிலவறைக்காவலன்:
2009-ல் இரண்டாம் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் திரும்பி வந்துவிட்டது. அதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் நாளைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்.