பிஎச்டியா, வேலை அனுபவமா: வளர்ச்சித் துறைக்கு எது உதவும்?

பாதிவழி:
வயது 27. பொதுக்கொள்கையில் முதுநிலை முடித்துவிட்டு, ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு வருடமாகத் திட்டக் கண்காணிப்பு, மதிப்பீடு பார்க்கிறேன். இப்போது உதவித்தொகையோடு பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து வருடப் படிப்பு. ஐ.நா. அல்லது உலக வங்கிக்குப் போவதுதான் ஆசை. படிக்கப் போகலாமா, வேலையிலேயே இருக்கலாமா?

களத்துமேடு:
வேலையை விடாதீர்கள். ஐ.நா. செயலகத்தின் வேலை அறிவிப்புகளைத் திறந்து பாருங்கள். பி-3 என்ற நடுத்தர அலுவலர் நிலைக்கு முதுநிலைப் பட்டத்தோடு 5 வருட அனுபவம், அதற்கு மேலுள்ள பி-4க்கு 7 வருடம். முனைவர் பட்டம் கட்டாயம் என்ற அறிவிப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நேர்காணலிலும் "குழுவுக்குள் தகராறு வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்ற மாதிரிதான் கேட்பார்கள். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ரிக்ரஷன்ராஜா:
ஐ.நா.வையும் வங்கியையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். உலக வங்கியின் ஆய்வுப் பிரிவில் பொருளாதார வல்லுநராக வேண்டுமென்றால் பிஎச்டி இல்லாமல் பேச்சே கிடையாது. சர்வதேச நாணய நிதியம் இளம் பொருளாதார வல்லுநர்களை எடுக்கும் திட்டத்திலும் பெரும்பாலும் பிஎச்டி முடித்தவர்கள் அல்லது முடிக்கப்போகிறவர்கள்தான். உலக வங்கி இளையவர்களை வேலைக்கு எடுக்கும் இளம் வல்லுநர் திட்டமும் 3 வருட அனுபவத்துக்குப் பதிலாக முனைவர் நிலைப் படிப்பை ஏற்றுக்கொள்கிறது.

பானர்ஜி, டுஃப்லோ, கிரெமர் மூவரும் 2019இல் பொருளாதார நோபல் வாங்கிய பரிசோதனை முறையையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு திட்டம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு, அது பலன் தந்ததா என்று பார்ப்பது. அதில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடத்துகிறவருக்கும், என்ன கேட்பது, யாரை ஒப்பிடுவது என்று வடிவமைக்கிறவருக்கும் நடுவில் இருப்பது இந்தப் பட்டம்தான். பாதிவழி இப்போது எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அவருக்கே தெரியும்.

களத்துமேடு:
நீங்கள் காட்டும் அதே இளம் வல்லுநர் திட்டத்துக்கு 32 வயது வரம்பு உண்டு, அதை விட்டுவிட்டீர்களே! 27ஓடு ஐந்தைக் கூட்டுங்கள். பிஎச்டி சொன்ன தேதியில் முடிந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ரிக்ரஷன்ராஜா:
படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம், பட்டம் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அப்புறம், அனுபவம் கைவிடாது என்கிற நம்பிக்கை 2025இலேயே ஆட்டம் கண்டுவிட்டது. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் அந்த ஜூலையோடு மூடப்பட்டது. திட்ட மேலாண்மையில் ஊறிய எத்தனையோ பேர் ஒரே நேரத்தில் வேலை தேடி நின்றார்கள். பட்டம் இருந்தவர்களுக்குக் கற்பித்தல் என்று ஒரு பின்வாசலாவது இருந்தது.

ஓரமாய்_நிற்பவன்:
அந்தப் பின்வாசலிலும் கூட்டம்தான். யுஎஸ்எய்ட் பணத்தில் ஓடிய பல்கலைக்கழக ஆய்வுகளும் சேர்ந்தே நின்றன. ஆசிரியர் வேலைக்கு எவ்வளவு போட்டி என்பதை நான் சொல்லவே வேண்டாம்.

இருவரும் முக்கியமானதைக் கேட்கவில்லை. பாதிவழி, பிஎச்டி எந்தத் துறையில்?

பாதிவழி:
வளர்ச்சி ஆய்வியல். உதவி அமைப்புகள் பயன்படுத்தும் மொழியைப் பற்றிய விமர்சன ஆய்வு. புள்ளியியல் கிட்டத்தட்ட இல்லை.

ரிக்ரஷன்ராஜா:
அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நான் சொன்னதெல்லாம் பொருளாதாரம், பொதுச் சுகாதாரம், புள்ளியியல் மாதிரியான பட்டங்களுக்கு. இந்தத் தலைப்பு நல்ல தலைப்புதான், பேராசிரியர் ஆக நினைப்பவருக்கு. வங்கியின் ஆய்வுப் பிரிவு அதற்காக ஆள் எடுக்காது.

களத்துமேடு:
ஆக, நான் சொன்னதுதான்.

ரிக்ரஷன்ராஜா:
இவருடைய விஷயத்தில் மட்டும். இதையே விதியாக்கி எல்லாரையும் ஆய்வுப் பக்கமே போகவிடாமல் தடுக்காதீர்கள். திட்டம் பலன் தந்ததா என்று நேர்மையாக அளக்க ஆள் இல்லாமல்தான் பாதித் திட்டங்கள் வெறும் அறிக்கையோடு முடிகின்றன.

களத்துமேடு:
அளக்க ஆள் இருந்த திட்டங்களும் அப்படித்தான் முடிந்தன, நான் பார்த்தவரை.

ஓரமாய்_நிற்பவன்:
சரி, நீங்கள் இருவரும் தனியாகச் சண்டை போடுங்கள். பாதிவழி, இரண்டு வேலை செய்யுங்கள். சேர்வதை ஒரு வருடம் தள்ளிவைத்தாலும் உதவித்தொகை நிலைக்குமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அதே வாரத்தில், உங்களுக்குப் பிடித்த பத்து வேலை அறிவிப்புகளை எடுத்து, தகுதிப் பகுதியை மட்டும் படியுங்கள். பத்தில் எத்தனை பிஎச்டி கேட்கிறது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.

பாதிவழி:
ஏழு பார்த்துவிட்டேன். ஒன்று கேட்கிறது, அதுவும் பொருளாதாரத்தில். பல்கலைக்கழகத்துக்கு இன்றிரவு எழுதுகிறேன்.