ஏற்காட்டில் பழைய ஓட்டு வீடு: பின்சுவரில் ஓதம் (சுவர் ஈரம்) இருக்கும்போது முன்பணம் கொடுக்கலாமா?

அஸ்தம்பட்டிவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில், ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சரிவில், கல்சுவரும் மங்களூர் ஓடும் கொண்ட பழைய வீடு ஒன்று 8 சென்ட் நிலத்தோடு விலைக்கு வந்திருக்கிறது. வார இறுதிகளில் மட்டும் தங்குவதற்காக வாங்க நினைக்கிறோம். மார்ச் மாதம் போய்ப் பார்த்தபோது வீடு முழுவதும் புதிதாகப் பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது. ஆனால் மேட்டுப் பக்கம் இருக்கும் படுக்கையறையின் பின்சுவரில் மட்டும், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. விரலால் தொட்டால் பூச்சு மாவாக உதிர்கிறது. மலையில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் இருக்கும், உள்பக்கம் வாட்டர்ப்ரூப் பெயிண்ட் அடித்தால் நின்றுவிடும் என்கிறார் தரகர். உரிமையாளர் இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். இது செலவோடு முடிகிற குறையா, விலகிவிட வேண்டிய குறையா?

கல்சுவர்_பொறியாளர்:

ஐயா, முன்பணத்தைச் சற்று நிறுத்தி வையுங்கள். மார்ச் மாதம் சேர்வராயன் மலையில் வறண்ட காலம். அப்போதே சுவர் உதிர்கிறது என்றால், புதுப் பெயிண்ட் எதற்காக அடிக்கப்பட்டது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் உள்ளே தரையிலிருந்து கறையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு வீட்டின் பின்புறம் போய், மேட்டு மண் எந்த உயரம் வரை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்தால், ஆண்டுக்கணக்காகச் சரிந்துவந்து சேர்ந்த மண்தான் சுவருக்கு ஈரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கறை எல்லாச் சுவர்களிலும் ஒரே உயரத்தில் ஓடினால் அது அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம். மேலிருந்து கீழே வழிந்த தடமாக இருந்தால் ஓட்டுக் கசிவு. மூடிக் கிடக்கும் வீட்டில் உள்காற்றின் ஈரமே குளிர்ந்த சுவரில் படிவதும் உண்டு. அதைப் பிரித்தறிய, ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு விளிம்பையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். நீர்த்துளிகள் தாளுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் இருந்தால் காற்றோட்டக் குறைதான்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு மேட்டு மண்ணின் மீதுதான் சந்தேகம். அப்படியென்றால் மருந்து வீட்டுக்கு வெளியே இருக்கிறது. மண்ணை வெட்டி எடுத்து, வெளிமட்டம் உள்தரையைவிட அரை அடியாவது கீழே இருக்கும்படி செய்து, மேட்டைத் தாங்க நீர்க்கசிவுத் துளைகள் விட்ட கற்சுவர் எழுப்பி, அதற்கும் வீட்டுக்கும் இடையில் நூறு அடிக்கு ஓரடி சரிவுடன் வாய்க்கால் அமைக்க வேண்டும். பழைய கல்வீடுகளின் அஸ்திவாரம் ஆழமில்லாதது. ஆகையால் பின்சுவர் நெடுகிலும் ஒரே மூச்சில் தோண்டாமல், நான்கைந்து அடித் துண்டுகளாகத் தோண்டி முடிக்கச் சொல்லுங்கள்.

உள்பக்கம் வாட்டர்ப்ரூப் பெயிண்ட் அடிப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பின்னாலிருந்து வரும் நீர் அந்தப் படலத்தை உரித்துத் தள்ளும், இல்லையென்றால் அதற்குப் பின்னாலேயே இன்னும் உயரமாக ஏறும். பழைய சுண்ணாம்புக் காரையின் மேல் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அதைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரை உலரவிட்டு, மறுபடியும் சுண்ணாம்பே பூசுங்கள்.

ஏற்காடு_குடியானவர்:

பொறியாளர் ஐயா சொன்னதோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் ஓட்டு விளிம்பைப் பாருங்கள். பின்பக்கம் தகரத் தாரை (கூரை நீரை வாங்கி ஓரமாக வடிக்கும் தகர வாய்க்கால்) இல்லையென்றால், கூரையின் பாதி மழை சுவரின் காலடியிலேயே கொட்டும். தாரை இருந்தாலும் சில்வர் ஓக் இலை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த அடைப்பை எடுப்பது எவ்வளவு சுலபமான வேலை, எவ்வளவு பேர் செய்வதில்லை! ஓடுகளைத் தாங்கும் கைமரங்கள் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நுனி சுலபமாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது, அதன் செலவு தனி.

வார இறுதியில் மட்டும் வருவேன் என்கிறீர்கள், அதுதான் எனக்குக் கவலை. முன்பு இந்த வீடுகளில் விறகடுப்பு தினமும் எரிந்தது. அந்தச் சூடும் புகையும் ஓடுகளையும் மரத்தையும் உலர வைத்தன. பூட்டியே கிடந்தால் நல்ல சுவரிலும் பூசணம் பிடிக்கும். வெயில் நாட்களில் சன்னல்களைத் திறந்து மூட நம்பகமான ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். நிழல் விழுகிறது என்று பின்னால் நிற்கும் மரங்களை மட்டும் கேட்காமல் வெட்டிவிடாதீர்கள். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அனுமதி வேண்டும்.

அஸ்தம்பட்டிவாசி:

மிக்க நன்றி. பின்சுவருக்கும் வேலிக்கும் நடுவில் மூன்றடி இருக்கிறது. வேலிக்கு அப்பால் வேறொருவருடைய காப்பித் தோட்டம். அந்த மூன்றடி போதுமா?

பத்திர_எழுத்தர்:

வேலியை எல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. தோட்டத்திலிருந்து பிரித்து விற்ற மனைகளில் தனித்தனியாக உட்பிரிவு செய்யாமலே, பலர் பெயரிலும் சேர்ந்த கூட்டுப் பட்டா ஓடிக்கொண்டிருப்பது வழக்கம். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தை எடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் பணம் கட்டி, நில அளவரை வைத்து அளந்த பிறகே விற்பனை ஒப்பந்தம் எழுதுங்கள். அந்த மூன்றடி உங்களுடையதாக இல்லாவிட்டால், வாய்க்கால் வெட்டவே உங்களுக்கு இடமில்லை.

மூலப் பத்திரத்தையும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். மலையாளிப் பழங்குடியினருக்கு அரசு ஒப்படை செய்த (நிபந்தனையோடு வழங்கிய) நிலமாக இருந்தால் நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. நிபந்தனை மீறிய கிரயத்தை அரசு ரத்து செய்யலாம். ஏற்காடு, ஹாகா என்னும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. 1990 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆகவே மேட்டை வெட்டுவதற்கும், தாங்குசுவர் கட்டுவதற்கும், அறை கூட்டுவதற்கும் முன் அனுமதி வேண்டுமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்சுவர்_பொறியாளர்:

மூன்றடியும் உங்களுடையதுதான் என்று அளவில் தெரிந்தால், நெருக்கமாக இருந்தாலும் வேலை நடக்கும். மூன்றடி உயரக் கற்சுவருக்கு அடிப்பகுதி ஏறத்தாழ இரண்டடி அகலம் வேண்டும்; மிச்சம் ஓரடியில் சிமெண்ட் வாய்க்கால் போட்டுவிடலாம். அதன் நீர் கீழ்வீட்டுக்காரர் நிலத்தில் பாயாமல் சாலையோரக் கால்வாயில் போய்ச் சேர வழி இருக்கிறதா என்பதை இப்போதே நடந்து பாருங்கள். உள்ளூர்க் கொத்தனார் ஒருவரிடம் மதிப்பீடு எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். உரிமையாளர் மறுத்தால் ஜூன் மழை வரை காத்திருந்து, மழை பெய்யும் நாளில் அந்த அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.