தென்னந்தோப்பில் கல்யாண வரவேற்பு: மெழுகுதிரி காற்றில் அணைகிறது, பேட்டரித் திரி நீலமாகத் தெரிகிறது

முட்டம்_கரை
எல்லாருக்கும் வணக்கம். மே கடைசி வாரம் என் தங்கச்சிக்குக் கல்யாணம். மாலை 4 மணிக்குக் கோவிலில் (சர்ச்சில்) பூசை. 6 மணிக்கு மேல் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தென்னந்தோப்பில் வரவேற்பு. தோப்பைத் தாண்டினால் கடல்தான். மொத்தம் 40 மேசை, மேசைக்கு மூன்று மெழுகுதிரி என்று கணக்குப் போட்டிருந்தோம்.

நேற்று ஆறரை மணிக்கு ஒரு மேசையை மட்டும் போட்டுப் பார்த்தோம். மூன்றில் இரண்டு உடனே அணைந்துவிட்டன. மூன்றாவது ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்து, துணியெல்லாம் மெழுகு ஒழுகியது. மத்தியானம் காரில் வைத்திருந்த பாக்கெட்டில் நாலைந்து திரி வளைந்தும் போயிருந்தன.

சரி, பேட்டரி மெழுகுதிரி வைப்போம் என்று ஆறு வாங்கினேன். வெளிச்சம் டியூப்லைட் மாதிரி நீலமாக இருக்கிறது. போனில் வீடியோ எடுத்தால் கறுப்புக் கோடு ஓடுகிறது.

அம்மா பேட்டரியே வேண்டாம் என்கிறார். அவர் கல்யாணத்தன்று ராத்திரி கரண்ட் போய், கல்யாண வீடு முழுக்க மெழுகுதிரியில்தான் நடந்ததாம். "அந்த வெளிச்சத்துலதான் உங்க அப்பா மொகத்த முதல்ல நல்லாப் பாத்தேன்" என்று சொல்கிறார். அவர் மனசும் கோணக்கூடாது, தோப்பிலும் திரி எரிய வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை பந்தல்காரன்
தம்பி, மே கடைசி என்றால் கச்சான் என்கிற மேற்குக் காற்று பிடித்துவிடும். சாதாரண நாளில் பொழுது சாய்ந்ததும் கடற்காற்று தணியும். மழைக்காலம் நெருங்கும்போது அப்படித் தணியும் என்று நம்ப முடியாது. திறந்த தோப்பில் 120 திரியை எரிய வைப்பது நடக்காது. அணைந்ததைத் திரும்பக் கொளுத்தவே இரண்டு பேர் தீப்பெட்டியோடு அலைய வேண்டும்.

காற்றை விட எனக்குப் பயம் துணிதான். இப்போது மேடையில் கட்டுகிற நெட் துணி எல்லாம் பாலியஸ்டர். தீப்பட்டால் உருகிச் சொட்டும், சொட்டுகிற இடமெல்லாம் எரியும். கீழே தெர்மகோல், காய்ந்த ஓலை. சில வருஷம் முன்னால் நான் பந்தல் போட்ட ஒரு வரவேற்பில், கேக் மேசை ஓரத்தில் இருந்த ஒரு திரியின் மேல் நெட் துணி பறந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற பையன் சட்டென்று துணியைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மணப்பெண்ணின் முக்காடு அங்கிருந்து இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு துணி கட்டிய மேடையில் நிஜத் தீ வைக்க நான் ஒத்துக்கொள்வதில்லை.

மேசைக்கெல்லாம் பேட்டரியே போடு. நிஜத் திரியைக் காற்று வராத ஒரே இடத்தில் மட்டும் வை.

நாகர்கோவில் ஃபோகஸ்
கோடு திரியிலிருந்துதான் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் சீரியல் லைட் எரிந்ததா? அதை அணைத்துவிட்டுத் திரியை மட்டும் எடுத்துப் பாருங்கள். கோடு போய்விட்டால் குற்றவாளி சீரியல் லைட். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் மலிவான எல்இடி வினாடிக்கு 100 முறை துடிக்கும். வீடியோக்காரரிடம் ஷட்டர் வேகத்தை வினாடியில் 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று வைக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில பேட்டரித் திரிகளும் தாமாகவே வேகமாகத் துடிக்கும். அதனால் மொத்தமாக வாங்குமுன் ஒன்றை அவர் கேமராவிலேயே சோதித்துவிடுங்கள்.

நீலத்துக்குக் காரணம் நீங்கள் வாங்கியது கூல் வைட். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். நிஜச் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின். கடையில் வார்ம் வைட் என்று கேட்டால் 2700, 3000 அளவில் கிடைக்கும். அதுவும் நிஜச் சுடரை விட வெள்ளைதான், ஆனாலும் கண்ணுக்கு இதமாக இருக்கும். வாங்கிய ஆறையும் வீணாக்க வேண்டாம். கண்ணாடிக் கூட்டுக்குள் மஞ்சள் ஜெலட்டின் தாளைச் சுற்றி வைத்துப் பாருங்கள்.

மார்த்தாண்டம் டீச்சர்
வாங்கிய ஆறும் பட்டன் செல்லா, பென்டார்ச் செல்லா? பட்டன் செல் என்றால் மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள் தம்பி. கல்யாண வீட்டில் பிள்ளைகள் மேசைக்கடியில்தான் விளையாடும், பளபளவென்று இருப்பதை வாயில் போடும். அந்தச் செல் தொண்டையில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் ஓடி 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

முடிந்தால் பென்டார்ச் செல் போடுகிற பெரிய திரியாகவே வாங்குங்கள். மேசைக்கு மூன்று வேண்டாம், ஒன்று போதும்.

தோவாளைப் பூக்கூடை
டீச்சரக்கா சொல்வது சரி. ஒரு பெரிய திரி, சுற்றி மல்லிகையும் பிச்சியும் வைத்தாலே மேசை நிறைந்துவிடும்.

அப்புறம் டைமர் உள்ள திரியாகப் பாருங்கள். பெரும்பாலும் 6 மணி நேரம் எரிந்து 18 மணி நேரம் அணைந்திருக்கும், மறுநாள் அதே நேரத்துக்குத் தானாக எரியும். முந்தின நாள் சாயங்காலம் ஐந்தரைக்குப் போட்டுவிட்டால், கல்யாணத்தன்று நீங்கள் கோவிலில் இருக்கும்போதே 40 மேசையும் எரியத் தொடங்கிவிடும். பென்டார்ச் செல் இதைத் தாங்கும். பட்டன் செல்லில் இப்படிச் செய்யாதீர்கள், இரண்டாம் நாள் மங்கிவிடும். மேலே மெழுகு பூசிய திரியை வெயிலில் வைக்காதீர்கள், அதுவும் உருகும்.

அம்மாவுக்கு நிஜத் திரி வையுங்கள் தம்பி. வீட்டின் முன்பக்கத் திண்ணைக்குக் கடற்காற்று வராது அல்லவா? அகலமான கண்ணாடிச் சிம்னியில் மூன்று. சுடருக்கு மேல் கண்ணாடி நான்கு விரல் உயரம் நிற்க வேண்டும். அடியில் காய்ந்த மணல் இரண்டு விரல் கனம் போட்டு நட்டு வைத்தால் ஆடாது, ஒழுகிய மெழுகும் மணலிலேயே நிற்கும். கொளுத்துமுன் திரிநூலைக் கால் அங்குலத்துக்கு வெட்டினால் புகை கக்காது.

தக்கலை பந்தல்காரன்
கொள்ளாம், நல்ல யோசனை. திண்ணையில் ஒரு வாளி மணலும் ஓர் ஆளும் கட்டாயம் இருக்க வேண்டும். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, குபீரென்று மேலே கிளம்பும்.

முட்டம்_கரை
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். கோடு சீரியல் லைட்டால்தான் வந்தது அண்ணாச்சி. திரியைத் தனியாக எடுத்தபோது கோடே இல்லை. பழைய ஆறும் பட்டன் செல்தான், அதனால் மேசைக்கு வைக்கவில்லை. வார்ம் வைட்டில் டைமர் உள்ள பெரிய திரி ஒன்று வாங்கி, நேற்றிலிருந்து தோப்பில் ஓடவிட்டிருக்கிறேன். இன்று ஐந்தரைக்குத் தானாகவே எரிந்தது.

திண்ணையில் மணல் போட்டு மூன்று நிஜத் திரி கொளுத்தினோம். ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் தோப்புக்குப் போகும் முன் முதலில் அந்தத் திண்ணைக்கு வர வேண்டும், அது மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். கோவில் பீடத்துத் திரியைப் பங்குத்தந்தையே பார்த்துக்கொள்கிறார்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். கல்யாணம் முடிந்ததும் 40 திரியையும் அப்படியே பெட்டியில் போட்டு வைக்கலாமா? தம்பி கல்யாணத்துக்கும் வேண்டும்.

மார்த்தாண்டம் டீச்சர்
செல்லைக் கழற்றிவிட்டு வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குச் செல் இல்லாவிட்டாலும் துருப்பிடிக்கும். காய்ந்த துணியால் துடைத்து, மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள்.